இரண்டு பியூசும் ஒரு செப்பிழையும்

போன கார்த்திகையில், இணுவிலில் இருந்து மானிப்பாய்க்குப் போகும்போது நடு மழையில் வைப்பர் நின்றது. கண்ணாடியின் பாதியில், கையைத் தூக்கினபடி. அதே கணத்தில் பெற்றோல் முள் பூச்சியத்துக்கு விழுந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் பக்கத்தில் வந்து, "அக்கா, பிறேக் லைற் எரியேல்லை" என்று கத்திவிட்டுப் போனார். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்லைற் எரிந்தது. ஹோர்ண் அடித்தது.

மூன்று சாமான் ஒன்றாகச் செத்தால் மூன்றும் பழுது என்று அர்த்தமில்லை, மூன்றுக்கும் பொதுவான ஒன்றுதான் பழுது. பள்ளிக்கூடத்தில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மின்சுற்று படிப்பிக்கிறவள் நான், அதனால் இதை யோசிக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. காரை ஒரு வேலியோரம் நிற்பாட்டி பொனற்றைத் திறந்தேன். மழைச் சாரலோடு சேர்ந்து ஒரு மணம் வந்தது. பேக்லைற் என்ற பழைய பிளாஸ்டிக் எரிந்த மணம். தெரிந்தவர்களுக்கு அது மறக்காது, மீன் கெட்டதுபோல இருக்கும்.

கார் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. 948 சிசி எஞ்சின். அப்பா 1978இல் இரண்டாம் கையாக வாங்கியது. அப்போது அவர் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் ஸ்ரோர் கீப்பர். இந்தக் காரில் மொத்த மின்சாரத்துக்கும் இரண்டே இரண்டு பியூஸ். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில், டைனமோவின் கட்டவுட்டுக்கு (டைனமோவைப் பற்றரியோடு சேர்த்தும் பிரித்தும் விடுகிற சுவிச்) பக்கத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புப் பெட்டி. ஏ1, ஏ2 என்று ஒரு சோடி, ஏ3, ஏ4 என்று இன்னொரு சோடி. முதல் சோடி பற்றரியிலிருந்து நேரே வருவது, ஹோர்ணுக்கும் உள் லைற்றுக்கும். இரண்டாவது திறப்பைப் போட்டால் மட்டும் உயிர் வருவது: வைப்பர், பிறேக் லைற், பெற்றோல் முள், சிக்னல் எல்லாம் அந்த ஒற்றைப் பியூசின் கீழே. ஹெட்லைற்றுக்குப் பியூஸே இல்லை. பின் லைற்றுக்கும் இல்லை.

இந்தக் காரின் மின்சாமான்களைச் செய்த லூக்காஸ் கொம்பனி இதை அசட்டையாகச் செய்ததாக நான் நினைக்கவில்லை. இருட்டில் ஓடுகிற காரின் இரண்டு ஹெட்லைற்றும் ஒரு பியூசோடு சேர்ந்து அணைந்தால் உயிர் போகும், வயர் சூடாவது பரவாயில்லை என்று அந்தக் காலத்தில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். புது வயருக்கு அந்தக் கணக்குச் சரி. அறுபது வருடமாக வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடந்து, மேலே சுற்றின பஞ்சு நூல் உக்கி, உள் றப்பர் தொட்டால் உதிர்கிற வயருக்கு அது சரிவராது.

அன்றைக்கு வைப்பர் இல்லாமல், யன்னலால் தலையை நீட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் காலை மூடியைக் கழற்றினபோதுதான் விசயம் தெரிந்தது. ஏ3, ஏ4 சோடியில் பியூஸே இல்லை. அதற்குப் பதிலாக வீட்டு வயறிங்குக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி, 1/1.13 என்று கடையில் கேட்போமே அது, ஒரு துண்டு வெட்டி வளைத்துக் கிளிப்புக்குள் செருகியிருந்தது. கிளிப்பின் பிடி தளர்ந்து, தளர்ந்த இடம் சூடாகி, சூட்டில் பெட்டியின் அடி கருகி, கடைசியில் கம்பி தொடுகை விட்டுப்போயிருந்தது. 2010இல் ஒரு கராச்சில் இந்தக் காருக்கு வயறிங் பார்க்கக் கொடுத்தோம். அன்றைக்குச் செய்த வேலை இது. பன்னிரண்டு பதின்மூன்று வருடம் பியூஸ் இல்லாத காரில் நான் என்ர இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதை நினைக்க இன்றைக்கும் கை நடுங்குகிறது.

கம்பித் துண்டு என்ன செய்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். செப்புக் கம்பி எத்தனை அம்பியரில் உருகும் என்பதற்கு வில்லியம் பிறீஸ் என்ற பிரித்தானியத் தபால்துறைப் பொறியியலாளர் 1880களில் ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, 80ஆல் பெருக்க வேண்டும். 1.13 மில்லிமீற்றர் கம்பிக்கு விடை 96 அம்பியர். இந்தக் காரில் பிறேக் லைற்றுக்கும் வைப்பருக்கும் போகிற வயர் பதினாலு இழை வயர், ஒவ்வொரு இழையும் 0.30 மில்லிமீற்றர். அது பயமில்லாமல் தாங்குவது 8.75 அம்பியர். எங்கேயாவது ஓரிடத்தில் தோல் உரிந்து காரின் பொடியில், அதாவது இரும்பு உடலில், தொட்டிருந்தால், அந்தக் கம்பி அசையாமல் நின்றிருக்கும். எரிந்திருப்பது வயர், பிறகு பக்கத்து வயர், பிறகு சீற்.

பியூஸ் காப்பாற்றுவது லைற்றையோ வைப்பரையோ அல்ல. அதுவரை போகிற வயரைத்தான். அதனால் பியூசின் அளவை வயரைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் சொல்கிற விசயம். என்ர காரில் நான் பார்க்கவில்லை.

பெட்டியில் மேலதிகப் பியூஸ் வைக்க இரண்டு இடம் உண்டு. அதில் இரண்டு கண்ணாடிப் பியூஸ் இருந்தன. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே வழக்கமான தகட்டிழை இல்லை. தலைமயிர் போல ஒரு ஒற்றைச் செப்பிழை. இரண்டு நுனி மூடியிலும் சின்னச் சின்ன ஈயப் பொட்டு. ஆரோ கையால் செய்தது.

அப்பா விறாந்தைக் கதிரையில் இருந்தார். எண்பத்திரண்டு வயது. கண் மங்கல், ஆனால் பியூசைக் கையில் வாங்கினதும் விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"உது நான் செய்தது, பிள்ளை. தொண்ணூற்றிரண்டில."

1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, பியூஸ் எங்கே வரப்போகிறது? கரண்ட் அறவே இல்லை, றேடியோ கேட்கக்கூடச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற வேண்டும். இந்தக் கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. காலையில் ஒரு குட்டிப் போத்தலில் பொன்போல வைத்திருக்கும் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் துளி துளியாக விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை. எனக்கு அப்போது எட்டு வயது, அந்தப் புகை மணம்தான் எனக்குக் கார் மணம். தொழிற்சாலையும் மூடியாயிற்று, நாங்கள் தெல்லிப்பழையிலிருந்து இணுவிலுக்கு இடம்பெயர்ந்து வந்தாயிற்று, அப்பா ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் ஹயர் ஓடித்தான் வீடு நடந்தது.

எரிந்த கண்ணாடிப் பியூசை எறியாமல் சேர்த்து வைத்திருக்கிறார். ஈயக் கோலைச் சிரட்டைக் கரியில் பழுக்க வைத்து, மூடியின் நுனியில் உள்ள ஈயத்தை உருக்கி, ஒரு புது இழையைக் கண்ணாடிக்குள்ளால் கோர்த்துத் திரும்ப அடைத்திருக்கிறார்.

"ஏன் அப்பா ஒரு இழை? ரெண்டு போட்டிருந்தா அடிக்கடி போகாதே?"

"ரெண்டு போட்டா வயர் எரியும். இருபத்தெட்டு இழை வயரை வெட்டி, அதிலையிருந்துதான் ஒரு இழை எடுத்தது. இருபத்தெட்டும் இருக்க வேணுமெண்டா, முதல்ல அந்த ஒண்டுதான் போகவேணும்."

உள்ளே போய்க் கணக்குப் போட்டேன். 0.30 மில்லிமீற்றர் செப்பிழை, பிறீசின் சூத்திரப்படி, 13 அம்பியரில் உருகும். பெட்டிக்கு லூக்காஸ் தந்த பியூசில் 35 என்று எழுதியிருக்கும், ஆனால் அது ஊதிப்போகிற அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதிதான், கிட்டத்தட்ட 17. (இது தெரியாமல் கடையில் 35 என்று கேட்டு வேறு நாட்டுக் கண்ணாடிப் பியூசை வாங்கிப் போட்டால், அது 35ஐத் தொடர்ந்து தாங்கும். பழைய இங்கிலீஸ் கார் வைத்திருக்கிற எல்லாரும் தயவுசெய்து பெட்டிக்குள் ஒருக்கால் பாருங்கோ.) அப்பாவின் இழை லூக்காஸ் தந்ததைவிடக் கவனமானது. சூத்திரம் தெரியாத ஒரு ஸ்ரோர் கீப்பர், தடைக்குள் இருந்துகொண்டு, கராச்சுக்காரர் செய்யாததைச் செய்திருக்கிறார்.

அன்றைக்கு முடிவெடுத்தேன், பெட்டியை முழுதாக மாற்றுவது, வேறு ஆரிடமும் கொடுக்காமல் நானே செய்வது என்று.

வேலை தொடங்க முதல் பற்றரியைக் கழற்ற வேண்டும். நான் குறட்டை எடுத்துக்கொண்டு நெகற்றிவ் பக்கம் போக, அப்பா கதிரையிலிருந்தே குரல் கொடுத்தார். "உதில்லை, பிள்ளை. பிளஸ்தான் பொடி." இந்தக் காரில் பொடியோடு பூட்டியிருப்பது பொசிற்றிவ் முனை. இப்போதைய காருக்கு நேர் எதிர். எப்போதும் பொடிப் பக்கத்தைத்தான் முதலில் கழற்ற வேண்டும், ஏனென்றால் மற்றதைக் கழற்றும்போது குறடு தவறிப் பொடியில் பட்டால் முழுப் பற்றரியும் குறட்டுக்குள்ளால் ஓடும். புத்தகத்தில் "நெகற்றிவை முதலில் கழற்று" என்று படித்துப் பழகின கைக்கு இது பிடிபட இரண்டு நாள் எடுத்தது. கடைசியில் பொடிக் கேபிளிலேயே ஒரு வெட்டுச் சுவிச் போட்டுவிட்டேன். வேலை தொடங்க முதல் திருகி எடுத்துவிடலாம், இரவில் வீட்டில் நிற்கும்போதும்.

முதலில் நான் செய்த பிழையை எழுத வேண்டும், ஏனென்றால் இதே பிழையை வேறு ஆரும் செய்யக்கூடும். ஸ்ரான்லி வீதியில் ஒரு கடையில் ஆறு பியூஸ் போடுகிற வடிவான பெட்டி இருந்தது, தகடு போன்ற புதுவகைப் பியூசுக்கானது. ஒரு தடித்த திருகாணிக்கு மின்சாரத்தைக் கொடுத்தால் ஆறுக்கும் உள்ளாலேயே போய்விடும். வாங்கி வந்து, பழைய பெட்டியின் ஏ1க்கு வந்த வயரையும் ஏ3க்கு வந்த வயரையும் அந்த ஒரே திருகாணியில் பூட்டினேன். எல்லாம் எரிந்தது, ஓடியது, அடித்தது. சந்தோசமாகத் திறப்பைத் திருப்பி எடுத்தேன்.

எஞ்சின் நிற்கவில்லை.

திறப்பு என்ர கையில். எஞ்சின் தன்பாட்டில் ஓடுகிறது. அப்பா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். கியரைப் போட்டு, பிறேக்கை மிதித்து, கிளச்சை விட்டு நிற்பாட்டினேன். நின்றபிறகும் மீற்றருக்குள் சிவப்பு லைற் எரிந்தபடி இருந்தது.

காரணம் விளங்க இரண்டு நிமிடம் போதும். ஏ1க்கு வருவது எந்நேரமும் உயிருள்ள வயர். ஏ3க்கு வருவது திறப்புக்குப் பிறகான வயர், அதே வயர்தான் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற கொயிலுக்கும் போகிறது. இரண்டையும் ஒரே திருகாணியில் சேர்த்தால், பற்றரி திறப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்தால் கொயிலுக்குப் போகும். திறப்புக்கு வேலையே இல்லை. இந்தக் காரில் ஸ்ராட்டரும் கையால் இழுக்கிற குமிழ்தான், ஆகவே ஆரும் வந்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். நிற்க விட்டிருந்தாலும், பொயின்ற் (கொயிலின் மின்சாரத்தைத் தொட்டும் விட்டும் தருகிற முனை) மூடியிருந்தால் கொயில் சூடேறி எரிந்திருக்கும்.

அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடி, தம்பி மூலம் பத்துப் பியூஸ் பெட்டி ஒன்று எடுப்பித்தேன். அதில் ஒவ்வொரு பியூசுக்கும் வரும் வழியும் போகும் வழியும் தனித்தனி. எதை எதோடு சேர்ப்பது என்பது என்ர கையில். பழைய காருக்கு இந்த மாதிரியே வேண்டும்.

வயரின் நிறத்துக்கும் அலைந்தேன். லூக்காஸின் நிறங்கள் ஒரு மொழி. மண்ணிறம் என்றால் பற்றரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை என்றால் திறப்பைத் தாண்டினது. பச்சை என்றால் வெள்ளை பியூசைத் தாண்டினது. நீலம் ஹெட்லைற், அதில் நீலத்தில் வெள்ளைக் கோடு தூர வெளிச்சம், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். சிவப்பு பின் லைற். கறுப்பு பொடி. எங்கட காரில் எல்லா வயரும் எண்ணெயும் தூசும் ஏறி ஒரே கபில நிறம். ஒவ்வொன்றாக மல்ரிமீற்றரால் நுனிக்கு நுனி தொட்டுப் பார்த்து, நூலில் காகிதத் துண்டு கட்டி எழுதினேன். மூன்று பின்னேரம் அதற்கே போனது. மூத்தவள் ஹெட்லைற் பக்கம் இருந்து ஒரு நுனியைப் பிடிக்க, நான் உள்ளேயிருந்து மற்ற நுனியைத் தேட, மீற்றர் "பீப்" என்றதும் அவள் "இதுதான் அம்மா" என்று கத்த, அப்பா பெயரை எழுதுவார். நடுங்கின எழுத்து, ஆனால் ஒரு பிழையும் இல்லை. ஸ்ரோர் கீப்பரின் கை.

நாளைக்கு ஆரோ இந்தப் பொனற்றைத் திறக்கும்போது அவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால், எல்லா வயரையும் சிவப்பில் போட நான் ஒத்துக்கொள்ளவில்லை. பச்சைக்குப் பச்சை, மண்ணிறத்துக்கு மண்ணிறம். கோடு போட்ட நீலம் கிடைக்காத இடத்தில் நீல வயரில் வெள்ளை, சிவப்பு நாடா சுற்றினேன்.

பங்கீடு இப்படி வந்தது. ஹோர்ணும் உள் லைற்றும் மண்ணிறத்திலிருந்து, 15 அம்பியர், ஏனென்றால் அந்த வயர் இருபத்தெட்டு இழை, பதினேழரை தாங்கும். வைப்பருக்கு ஒன்று. பிறேக் லைற்றும் பெற்றோல் முள்ளும் ஒன்று. சிக்னலுக்கு ஒன்று. (கதவுக்கும் பின் யன்னலுக்கும் இடையிலிருந்து கைபோல எழும்புகிற பழைய சிக்னல் இந்தக் காரில் இன்னமும் இருக்கிறது, பிறகு பூட்டின மினுங்கும் லைற்றும் இருக்கிறது. அந்தக் கையை ஓடவிட எனக்கு ஆசை. அது வேறு நாளைக்கு.) பின் லைற்றும் சைட் லைற்றும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மிச்சம் நாலு ஹெட்லைற்றுக்கு: இடது டிம், வலது டிம், இடது தூரம், வலது தூரம். ஹோர்ண் தவிர எல்லாம் 7.5, மண்ணிறப் பியூஸ்.

ஹெட்லைற்றுக்கு ஏன் 5 போடவில்லை என்று அப்பா கேட்டார். பல்ப் 45/40 வாட். நாற்பத்தைந்தைப் பன்னிரண்டால் பிரித்தால் 3.75. அது ஐந்தில் முக்கால் பங்கு. குளிர்ந்த இழை எரியத் தொடங்கும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும், 5 களைத்துப்போய் ஒருநாள் காரணமில்லாமல் போகும். 7.5 போட்டால் பல்புக்கும் போதும், 8.75 தாங்கும் வயருக்குக் கீழேயும் நிற்கும். தலையாட்டினார்.

நாலாகப் பிரித்ததுதான் இந்த வேலையின் உயிர். அறுபது வருடத்துக்கு முந்தின பயத்துக்கு, அதாவது ஒரு பியூசோடு இரண்டு லைற்றும் அணையும் என்பதற்கு, இது மறுமொழி. காலால் மிதிக்கிற டிம் சுவிச்சிலிருந்து வருகிற ஒற்றை வயர், முன்னால் றேடியேற்றர்ப் பக்கம் போய்த்தான் இரண்டாகப் பிரிந்தது. அதைத் தகட்டுச் சுவரிலேயே பிரித்து, புதிதாக நாலு வயரை மட்காட்டின் உட்புறத்தால் முன்னுக்குக் கொண்டுபோனேன். தகட்டில் ஓட்டை வருகிற ஒவ்வொரு இடத்திலும் றப்பர் வளையம். பழைய வளையங்கள் எல்லாம் கல்லாய்ப் போயிருந்தன, ஒன்றில் வயரின் தோல் பாதி வெட்டுப்பட்டு, செப்பு தெரிந்தது. பியூஸ் இல்லாத ஹெட்லைற் வயரில். இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை, புது வளையத்தைப் போட்டேன்.

நுனிகளை ஈயம் ஊத்துவதா, நசுக்குவதா என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் கொஞ்சம் இழுபறி. அவருக்கு ஈயம்தான் நம்பிக்கை. எனக்கு நல்ல நசுக்குக் குறடு. ஈயம் ஏறின இடத்தில் வயர் விறைத்துவிடும், அதற்கு அங்காலே எஞ்சின் அதிர்வில் இழை இழையாக முறியும். கடைசியில் பெட்டிக்கு வருகிற எல்லா நுனியும் நசுக்கினது. முன்னால் ஹெட்லைற்றுக்குப் போகிற தோட்டா வடிவ நுனிகள் மட்டும் பழையபடி ஈயம், லூக்காஸும் அப்படித்தான் செய்தது. அதை அப்பாவே ஊத்தினார். கண் தெரியாது, நான் ரோச் பிடித்தேன், கை தன் வேலையைத் தெரிந்து வைத்திருந்தது.

கொயிலுக்குப் போகிற வெள்ளை வயரை மட்டும் பியூஸ் இல்லாமலே விட்டேன். அதில் லூக்காஸோடு எனக்கு வாதமில்லை.

பூட்டி முடிந்ததும் மீற்றரை வைத்துப் பார்த்தேன். கருகின பெட்டியைக் கழற்ற முதல், கம்பியைத் திரும்பத் தொடுகையில் வைத்து, பிறேக்கை மிதித்தபடி வைப்பரையும் ஓடவிட்டு, கிளிப்புக்குக் குறுக்கே மட்டும் 1.1 வோல்ற் தொலைகிறதை அளந்து எழுதி வைத்திருந்தேன். பன்னிரண்டில் ஒன்று சும்மா சூடாகப் போயிருக்கிறது. இப்போது ஒரு பியூசுக்குக் குறுக்கே 0.03. வைப்பர் ஓடுகிற சத்தமே மாறிவிட்டது.

சனிக்கிழமை இருட்டினபிறகு காரை மதிலுக்கு முன்னால் நிற்பாட்டினோம். அப்பாவின் கதிரையை மதிலோரம் கொண்டுபோய் வைத்தேன். நான் பொனற்றுக்குள் நின்று ஒவ்வொரு பியூசாக இழுக்க, அவர் என்ன அணைகிறது என்று சொல்ல வேண்டும்.

"இடது டிம்."

"போச்சு. வலது நிக்குது."

"போட்டாச்சு. இப்ப வலது."

"வலது போச்சு. இடது நிக்குது."

சின்னவள் சீற்றில் இருந்து காலால் சுவிச்சை மிதித்தாள். வெளிச்சம் மதிலுக்கு மேலால் எழும்பி, பக்கத்து வளவு மாமரத்தில் விழுந்தது. தூரம் இரண்டும் பார்த்தோம், பின் லைற் பார்த்தோம், பிறேக் பார்த்தோம். பத்தும் முடிந்ததும் நான் மூடியைப் போட்டேன்.

அப்பா எழும்பவில்லை. மதிலில் விழுந்த இரண்டு வட்டத்தையும் பார்த்தபடி இருந்தார்.

"பிள்ளை, வலது பக்கம் கொஞ்சம் மேல அடிக்குது. எதிர வாறவன்ர கண்ணுக்கு. அந்த ஸ்குறூவைக் கொஞ்சம் திருப்பு."

திருப்புளியை எடுத்துக்கொண்டு போனேன்.